மத்தியான டிவி பஞ்சாயத்து: ஊரே திட்டியது, ஆனால் யாரை?

#1 மதியவெயில்

போன வாரம் சேலத்தில் அத்தை வீட்டில் இருந்தேன். சாப்பாடு முடிந்ததும் அத்தை முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டு உரிக்க உட்கார்ந்தார். டிவியில் யூடியூப். நம்மூர் குடும்பப் பஞ்சாயத்து நிகழ்ச்சி ஒன்றின் பழைய துண்டு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று தானாகவே தாவி, எப்படியோ அமெரிக்காவின் ஜெர்ரி ஸ்பிரிங்கர் நடத்திய குடும்பச் சண்டை நிகழ்ச்சியில் வந்து நின்றது. அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. மேடையில் ஒரு பெண் செருப்பைக் கழற்றியதுமே, "இவதான் மொத பொண்டாட்டி" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

ஊருக்கு வந்த பிறகும் மண்டைக்குள் அதுவே ஓடியது. தேடிப் படித்தேன். 1967-ல் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் டிவி தொகுப்பாளர் ஃபில் டோனஹியூ மைக்கைத் தூக்கிக்கொண்டு பார்வையாளர்களுக்கு நடுவே நடந்தபோது, அது மரியாதையான காரியம். பகலில் வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் மதம், அரசியல், போர் பற்றியெல்லாம் கேள்வி இருக்கும் என்று நினைத்த முதல் ஆள்களில் அவர் ஒருவர். முதல் நாள் விருந்தினரே ஒரு நாத்திகர். 1986-ல் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சி நாடு முழுக்கப் போனது. 1988-ல் ஜெரால்டோ ரிவேராவின் மேடையில் வெள்ளை நிறவெறி இளைஞர்களுக்கும் கறுப்பினத் தலைவர் ஒருவருக்கும் கைகலப்பாகி, ரிவேராவின் மூக்கு உடைந்தது. 'நியூஸ்வீக்' வார இதழ் அதை அட்டையில் போட்டுக் குப்பை டிவி என்றது. அந்த அட்டையைப் பார்த்து வெட்கப்படுவதற்குப் பதிலாகத் தொழிலே அதைப் பின்பற்றியது போலத்தான் தெரிகிறது. ரிக்கி லேக், ஜென்னி ஜோன்ஸ், மோரி போவிச், ஸ்பிரிங்கர் என்று வரிசையாக வந்தார்கள்.

90-களில் இதற்கு எதிராகப் பெரிய கூச்சல் எழுந்திருக்கிறது. செனட்டர், பாதிரியார், பத்திரிகைக்காரர் எல்லோரும் திட்டியிருக்கிறார்கள். அந்தத் திட்டு எதையாவது மாற்றியதா? முக்கியமாக, யார் மேல் விழுந்தது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 தறிநாடா

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? பிடிக்கவில்லை என்றால் ரிமோட் இருக்கிறது. போகிறவர்கள் குழந்தைகள் இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறார்கள்.

#3 சிகாகோ சங்கரன்

நான் 93-ல் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன். அப்போது ஓப்ரா, ஜென்னி ஜோன்ஸ், ஸ்பிரிங்கர் மூவரும் இதே ஊரில்தான் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கே அதில் ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் கூச்சம்.

முதலில் ஒரு தகவல். ஸ்பிரிங்கர் சின்சினாட்டி நகரத்தின் மேயராக இருந்தவர், 1977-ல். சட்டம் படித்தவர். பிறகு அதே ஊரில் செய்தி வாசித்தார். 1991-ல் நிகழ்ச்சி தொடங்கியபோது டோனஹியூ மாதிரியே அரசியல் பேச்சுதான். யாரும் பார்க்கவில்லை. ரிச்சர்ட் டொமினிக் என்ற தயாரிப்பாளர் பொறுப்புக்கு வந்த பிறகுதான் மேடை மல்யுத்தக் களம் ஆனது, மணியடிப்பது உட்பட. அவர் அதற்கு முன்பு வேற்றுக்கிரகவாசிச் செய்தி போடும் மலிவுப் பத்திரிகைகளில் எழுதியவர். 1998 தொடக்கத்தில் பார்வையாளர் கணக்கில் ஓப்ராவையே முந்தினார்கள்.

எதிர்ப்பு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது செனட்டர்கள் இல்லை, கேரல் மரின். இங்கே சேனல் 5-ல் இரவு பத்து மணிச் செய்தியை ரான் மேகர்ஸோடு சேர்ந்து வாசித்தவர். 1997-ல் நிலைய நிர்வாகம், செய்தியின் நடுவே கருத்துச் சொல்ல ஸ்பிரிங்கரை அமர்த்தியது. மரின் வேலையை விட்டுவிட்டார். நிலையத்துக்கு வந்த கோபத்தில் ஸ்பிரிங்கர் இரண்டே முறை பேசிவிட்டு விலகினார். கொஞ்ச நாளில் மேகர்ஸும் போய்விட்டார். செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டமும் கணிசமாகக் கலைந்தது. நானும் அப்போது சேனல் மாற்றினவன்தான். நல்ல சம்பளத்தில் இருப்பவர் எழுந்து போவதைப் பார்க்கும்போது நமக்கும் சொரணை வருகிறது.

#4 கறுப்புக்கோட்டு

"கையெழுத்துப் போட்டுவிட்டுத்தானே" என்று தறிநாடா கேட்டதற்கு.

எதற்குக் கையெழுத்து என்பதுதான் சிக்கல். 1995 மார்ச் 6-ம் தேதி ஜென்னி ஜோன்ஸ் நிகழ்ச்சிக்காகப் படப்பிடிப்பு. மிச்சிகனைச் சேர்ந்த ஓர் இளைஞரிடம், உங்களை ரகசியமாக விரும்பும் ஒருவரை மேடையில் காட்டுகிறோம் என்று சொல்லி அழைத்தார்கள். வந்து நின்றவர் இன்னோர் ஆண், அவருக்குத் தெரிந்தவர். ஆணாகவும் இருக்கலாம் என்று முன்பே சொன்னோம் என்றார்கள் தயாரிப்பாளர்கள். பெண் என்றே நம்பிப் போனேன் என்றார் இவர். மேடையில் சிரித்துச் சமாளித்தார். மூன்றாம் நாள் துப்பாக்கியோடு போய் அவரைச் சுட்டுக் கொன்றார். அந்தப் பகுதி ஒளிபரப்பாகவே இல்லை.

கொலைக்கு முழுப் பொறுப்பு சுட்டவனுக்கே. இரண்டாம் நிலைக் கொலைக் குற்றம் உறுதியானது, சிறைக்குப் போனார். ஓரினச்சேர்க்கையாளர் தன்னை விரும்பியது அவமானம் என்பதெல்லாம் சாக்கு, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் இறந்தவரின் குடும்பம் நிகழ்ச்சி மேல் தனியாக வழக்குப் போட்டது. ஒளித்து வைத்துத் திடுக்கிட வைப்பதையே தொழில்முறையாக வைத்திருந்தால், அதன் விளைவில் உங்களுக்குப் பங்கே கிடையாதா என்பது கேள்வி. 1999-ல் ஜூரி 25 மில்லியன் டாலர் கொடுக்கச் சொன்னது. 2002-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது: விருந்தினர் உங்கள் இடத்தை விட்டுப் போய் மூன்று நாள் கழித்து இன்னொருவர் செய்த குற்றத்தைத் தடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை. தீர்ப்பு 2-க்கு 1.

சட்டப்படி எனக்கு அந்தத் தீர்ப்பு புரிகிறது. மனிதனாகப் புரியவில்லை. அந்த ஒரு நீதிபதி பக்கம்தான் என் ஓட்டு.

#5 வடைமாலை

எங்கள் அப்பார்ட்மென்ட் சங்கக் கூட்டத்துக்கு ஒரு நாள் கேமரா வைத்தால் ஸ்பிரிங்கரெல்லாம் பிச்சை வாங்க வேண்டும்.

#6 ஈஸ்ட்ஹாம் பொடியன்

வணக்கம். அமெரிக்கக் கதையே ஓடுது, இங்கிலாந்துப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறன்.

நான் லண்டனுக்கு வந்த புதிதில் இரவு வேலை. காலையில் வந்து படுக்க முதல் ஐடிவி சேனலைப் போட்டால் ஜெரமி கைல் நடத்துற பஞ்சாயத்து நிகழ்ச்சி. 2005 தொடக்கம் 2019 வரைக்கும் ஓடினது. வேலையில்லாத ஆக்கள், குடியில் விழுந்த ஆக்கள், பிள்ளை யாருடையது என்று தெரியாமல் நிக்கிற பெடியன்கள். மரபணுச் சோதனை, பொய் கண்டுபிடிக்கிற இயந்திரம். கைல் படிக்கட்டில் குந்தி இருந்து அவையளின்ர முகத்துக்கு நேரே கத்துவார். என்னோடு அறையில் இருந்த அண்ணை ஆங்கிலம் பழகிறதுக்கு இதைத்தான் பார்த்தவர். அவருடைய ஆங்கிலம் எப்படி வந்திருக்கும் என்று யோசியுங்கோ.

2007-ல் ஒரு விருந்தினர் மேடையிலேயே மற்றவரைத் தலையால் இடித்து வழக்கானது. மான்செஸ்டர் நீதிபதி அலன் பேர்க், இது மனிசரை வைத்து நடத்துற கரடி விளையாட்டு என்று சொன்னார். கரடியைக் கட்டிப்போட்டு நாயளை ஏவி விட்டு சனம் வேடிக்கை பார்க்கிற பழைய காலத்து விளையாட்டு அது. இடித்தவரில மட்டும் இல்லை, நிகழ்ச்சி நடத்தினவையிலயும் குற்றம் இருக்கு என்று ஒரு நீதிபதி வாய்விட்டுச் சொன்னது பெரிய விசயம். அந்த வருசமே விளம்பர ஆதரவு குடுத்துக்கொண்டிருந்த ஒரு அரசு சார்ந்த பயிற்சி நிறுவனம் விலகினது. ஆனால் நிகழ்ச்சி நிக்கேல்லை. இன்னும் பன்னிரண்டு வருசம் ஓடினது.

2019 மே மாதம், பொய்ச் சோதனையில் தோற்றதாகச் சொல்லப்பட்ட ஒரு விருந்தினர் படப்பிடிப்பு முடிந்து ஒரு கிழமைக்குள் இறந்துபோனார். அதுக்குப் பிறகுதான் இழுத்து மூடினவை. பாராளுமன்றக் குழு விசாரித்தது. கைலைக் கூப்பிட்டது, அவர் போகேல்லை. தயாரிப்பாளர்கள் போனவை. உங்கட இயந்திரம் எவ்வளவு வீதம் சரியாச் சொல்லும் என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. பதினாலு வருசம் அதை வைத்துக் குடும்பங்களைப் பிரித்துப்போட்டு, அது எவ்வளவு சரி என்று தெரியாதாம்.

#7 மீனாட்சிபுரம்

ஈஸ்ட்ஹாம் தம்பி எழுதியதைப் படித்ததும் வயிற்றைப் பிசைகிறது.

மதியவெயிலின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். திட்டு யார் மேல் விழுந்தது? பெரும்பாலும் மேடையில் உட்கார்ந்தவர்கள் மேல்தான்.

1995 அக்டோபரில், ரீகன் காலத்துக் கல்வி அமைச்சர் வில்லியம் பென்னட்டும் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோசஃப் லீபர்மனும் சேர்ந்து இந்த நிகழ்ச்சிகளுக்கு எதிராக இயக்கம் தொடங்கினார்கள். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் கைகோத்தது அப்போதே பேசப்பட்டது. சமூகம் சீரழிகிறது, அசிங்கம் சாதாரணமாகிறது என்பதே அவர்கள் பேச்சின் சாரம். (ஒழுக்கத்துக்குத் தனியாகவே புத்தகம் போட்ட பென்னட், சூதாட்ட விடுதிகளில் பெரும் பணத்தை விட்டவர் என்பது 2003-ல் வெளிவந்தது. அது வேறு கதை.)

இதில் கேட்கப்படாத கேள்வி: அந்த 'அசிங்கம்' யார்? டிரெய்லர் என்ற மலிவான நகரும் வீட்டில் இருக்கும் ஏழை வெள்ளையர், கறுப்பினப் பெண்கள், பதினாறு வயதில் பிள்ளை பெற்றவர்கள், ஓரினச்சேர்க்கையாளர்கள், திருநர்கள். ஜாஷுவா காம்சன் என்ற சமூகவியலாளர் 1998-ல் இதைத்தான் எழுதினார். வேறெந்தத் தொலைக்காட்சியும் உள்ளே விடாதவர்களை இந்தக் கோமாளி மேடைதான் உள்ளே விட்டது. அவமானப்படுத்தித்தான் விட்டது, ஆனாலும் அங்கேதான் அவர்கள் தங்கள் வாயால் பேசினார்கள் என்பது அவர் வாதம். எனக்கு அது பாதி உடன்பாடு. நம்மூரில் திருநங்கைகளை டிவி எப்படிக் காட்டியது என்று நினைத்துப் பார்த்தால் மீதிப் பாதியும் அசைகிறது.

அப்புறம் ஒரு வேடிக்கை. பென்னட் குழு பேசிய நீதியைவிட வேலை செய்தது சோப்பு. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் அதே காலத்தில் சில டாக் ஷோக்களில் இருந்து விளம்பரத்தை எடுத்துக்கொண்டது. பகல் நேரத் தொடர்களுக்கு 'சோப்' என்று பெயர் வந்ததே இந்த மாதிரி சோப்புக் கம்பெனிகள் அவற்றை நடத்தியதால்தான். மத்தியான டிவியை உருவாக்கியவர்களே முகம் சுளித்தபோது தயாரிப்பாளர்களுக்கு உறைத்தது. புதிதாக வந்திருந்த பல நிகழ்ச்சிகள் ஒரே ஆண்டில் காணாமல் போயின. 1996-ல் ரோசி ஓ'டானல் சிரித்த முகத்தோடு சினிமாக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசத் தொடங்கி வெற்றியும் பெற்றார். ஓப்ரா அதற்கு முன்பே, 1994 வாக்கில், இனி இந்தச் சாக்கடை வேண்டாம் என்று திசை மாறியிருந்தார்.

ஆனால் ஸ்பிரிங்கர் சங்கரன் சொன்ன உச்சத்துக்குப் போனது இதற்கெல்லாம் பிறகு, 98-ல். நல்ல விளம்பரதாரர் விட்டுப் போன இடத்தில் வேறு விளம்பரதாரர் வந்து உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

#8 மதியவெயில்

மீனாட்சிபுரம் அக்கா, இதைத்தான் தேடினேன்.

நம்மூருக்கு வருவோம். விஜய் டிவியில் நடிகை லட்சுமி நடத்திய 'கதையல்ல நிஜம்' காலத்தில் நான் பள்ளிக்கூடம். பெரிய அலை என்றால் ஜீ தமிழின் 'சொல்வதெல்லாம் உண்மை'. முதலில் நிர்மலா பெரியசாமி, பிறகு லட்சுமி ராமகிருஷ்ணன். சன் டிவியில் குஷ்பு நடத்திய 'நிஜங்கள்' 2016-ல். அதில் அவர் ஒரு ஆளின் சட்டையைப் பிடித்த காட்சி எல்லார் போனிலும் சுற்றியது. பார்த்தவர்களில் பாதிப்பேர் கைதட்டினார்கள், மீதிப்பேர் இது என்ன கட்டப்பஞ்சாயத்து என்றார்கள்.

ஆனால் நம்மிடம் எதிர்ப்பு வந்த விதமே வேறு. மிமிக்ரியாக வந்தது! "என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா" என்ற ஒரு வரி காமெடி மேடைக்குப் போய், 2016 பொங்கலுக்கு வந்த 'ரஜினி முருகன்' படத்தில் பாட்டாகவே ஆகிவிட்டது. அந்த வரிக்குச் சொந்தக்காரரான லட்சுமி ராமகிருஷ்ணன் அதனால் மனம் வருந்தியதும் நினைவிருக்கிறது. நாங்கள் கல்லூரியில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்த வரி யாரிடம் சொல்லப்பட்டது, அந்தப் பெண் என்ன ஆனார் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

#9 வடைமாலை

கேலி செய்தது எதிர்ப்பா? அது இலவச விளம்பரம். அந்தப் பாட்டுக்கு அப்புறம் நிகழ்ச்சியைத் தேடிப் பார்த்தவர்கள் எங்கள் வீட்டிலேயே மூன்று பேர்.

#10 பேக்ஸ்டேஜ்

ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது முதல் முறை. ஒரு சேனலில், பெயர் வேண்டாம், இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு ஒருங்கிணைப்பாளராகப் பதினான்கு மாதம் இருந்தேன். முதல் வேலை. எனக்கு அப்போது 23 வயது.

வருகிறவர்களை நாங்கள் 'கேஸ்' என்போம். "நாளைக்கு எத்தனை கேஸ் கன்ஃபர்ம்?" என்பதுதான் மாலை ஆறு மணிக் கேள்வி. ஒரு ஷெட்யூலில் மூன்று நாள், நாளுக்கு நான்கைந்து கேஸ். போன் செய்து உதவி கேட்பவர் ஒருவர்தான். எதிர்த்தரப்பைக் கொண்டுவருவதுதான் என் வேலை. அந்தக் கணவரோ மாமியாரோ எதற்கு வரப்போகிறார்கள்? "அவங்க உங்களைப் பத்தி டிவியில என்ன வேணா சொல்லிடுவாங்க, நீங்க வரலைன்னா அதுதான் உண்மைன்னு ஆயிடும்" என்று சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட எல்லோரும் அந்த வரிக்கு வந்துவிடுவார்கள்.

வந்ததும் இரண்டு தரப்பையும் தனித்தனி அறையில் வைப்போம். சந்தித்துவிட்டால் அங்கேயே அழுது, பேசி, சில நேரம் சமாதானமும் ஆகிவிடுவார்கள். அது எங்களுக்கு நஷ்டம். காலை ஆறு மணிக்குக் கோயம்பேட்டில் இறங்கியவர்களுக்கு மைக் மாட்டும்போது மத்தியானம் மூன்று மணி ஆகியிருக்கும். நடுவில் நான் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் போய்வருவேன். அங்கே சொன்னதை இங்கே, இங்கே சொன்னதை அங்கே. கூட்டிச் சொல்லச் சொல்லி யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. தேவையே இல்லை. எது ப்ரோமோவில் வரும் என்று ஒரு மாதத்தில் கைக்குப் பழகிவிடும்.

கையெழுத்து பற்றிக் கேட்டிருந்தார்கள். நான்கு பக்கம், ஆங்கிலம். "சாப்பாடு, பஸ் காசெல்லாம் குடுக்கணும் இல்ல, அதுக்குத்தான்" என்று சொல்லி வாங்குவேன். பொய் இல்லை, அதுவும் அதில் இருந்தது. படித்துப் பார்க்கிறேன் என்று சொன்ன ஒரே ஆள் ஒரு தபால்காரர். படித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

முடிந்ததும் மைக்கைக் கழற்றி, கவரில் போக்குவரத்துக் காசு கொடுத்து, ஆட்டோவில் ஏற்றிவிடுவோம். இரண்டு தரப்பையும் ஒரே நேரத்தில் வெளியே விடக்கூடாது, வாசலில் அடித்துக்கொள்வார்கள். அரை மணி இடைவெளி. ஆனால் இரண்டு பேருக்கும் அதே கோயம்பேடு, பல நேரம் அதே பஸ். அதைப் பற்றி ஒருநாளும் மீட்டிங்கில் பேசியதில்லை.

#11 தறிநாடா

படித்தேன். கொஞ்ச நேரம் பதில் எழுதத் தோன்றவில்லை.

என்றாலும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். எங்கள் தறிப்பட்டறையில் வேலை செய்த ஓர் அக்கா, புருஷன் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டதற்காக மகளிர் காவல் நிலையத்துக்கு எட்டு முறை போனார். "அனுசரிச்சுப் போம்மா" என்று எட்டு முறையும் அனுப்பினார்கள். கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா. கடைசியில் ஒரு டிவி நிகழ்ச்சிக்குப் போனார். அங்கே நடத்தினவர் அவருக்காக அந்த ஆளைக் கத்தினார். அந்த அக்கா திரும்பி வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எனக்காக ஒருத்தரு சத்தம் போட்டு இப்பதான் பாக்கறேன்." மாதம் பணம் தருவதாக எழுதிக் கொடுத்தான். இரண்டு மாதம் தந்தான்.

நீங்கள் எல்லோரும் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்த ஸ்டேஷன் வேலை செய்திருந்தால் இந்த ஸ்டூடியோவுக்கு ஆள் வந்திருக்காது.

#12 கறுப்புக்கோட்டு

தறிநாடா, கோபம் இல்லை. இந்த இழையிலேயே கனமான பதிவு உங்களுடையதுதான். நீதிமன்ற வராந்தாவில் தினமும் பார்க்கிறேன், மறுக்க முடியாது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை, வழி தெரியாமல் இருக்கிறது. 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்ணுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், வக்கீல் இலவசம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்று போன் செய்யலாம். குடும்ப நீதிமன்றச் சட்டத்தில், தரப்பில் ஒருவர் கேட்டாலே போதும், விசாரணை மூடிய அறையில்தான் நடக்க வேண்டும். 1984-லேயே எழுதிவைத்தார்கள்: இது ஊர் பார்க்கிற விஷயம் இல்லை என்று. அதே சண்டையை நாம் ஏழு கேமரா வைத்துக் காட்டினோம்.

இன்னும் கேளுங்கள். போக்சோ சட்டம், பிரிவு 23: பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகம் வெளியிடக்கூடாது. குழந்தையின் பெயரை மறைத்துவிட்டு அம்மா முகத்தைக் காட்டினால் ஊரில் யாருக்குத் தெரியாது? பொய் கண்டறியும் சோதனையைப் பொறுத்தவரை, செல்வி எதிர் கர்நாடகா வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம், போலீஸ்கூட ஒருவரைக் கட்டாயப்படுத்தி அதைச் செய்யக்கூடாது என்றது. 2018-ல் 'சொல்வதெல்லாம் உண்மை'க்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தபோது எங்கள் பார் ரூமில் பெரிய விவாதம். பாதி வக்கீல்கள் நிகழ்ச்சிப் பக்கம் நின்றார்கள் என்றால் நம்புவீர்களா? "நாம பத்து வருஷம் இழுக்கறதை அவங்க ஒரு மணி நேரத்துல முடிக்கறாங்க" என்றார் ஒரு சீனியர். முடிக்கவில்லை சார், எடிட் செய்கிறார்கள் என்றேன். டீ வந்துவிட்டது, பேச்சு கலைந்தது.

#13 சிகாகோ சங்கரன்

பேக்ஸ்டேஜ் எழுதியதைப் படித்த பிறகு 1999-ல் இங்கே நடந்த ஒன்று வேறு மாதிரித் தெரிகிறது.

அதற்கு முந்தைய வருடம் ஃபிளெகர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், தென் பகுதியில் கறுப்பின மக்கள் நிறைந்த செயின்ட் சபீனா ஆலயத்தைச் சேர்ந்தவர், ஸ்பிரிங்கர் நிகழ்ச்சியின் விளம்பரதாரர்களைப் புறக்கணிப்போம் என்று கிளம்பினார். சண்டையைக் காட்ட மாட்டோம் என்று விநியோக நிறுவனம் ஒப்புக்கொண்டது. கொஞ்ச நாளில் நாற்காலி மறுபடி பறந்தது. 1999 ஜூனில் நகர மன்றம் ஸ்பிரிங்கரையே கூப்பிட்டு உட்காரவைத்தது. உறுப்பினர்கள் கேட்ட கேள்வி அழகானது. சண்டை நிஜமா, நடிப்பா? நிஜம் என்றால், மேடையில் காவலுக்கு நிற்பவர்களில் ஓய்வு நேரச் சிகாகோ போலீஸ்காரர்களும் இருக்கிறார்கள், அவர்கள் ஏன் யாரையும் கைது செய்யவில்லை? நடிப்பு என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். முன்னாள் மேயர் அல்லவா, பிடிகொடுக்காமல் நழுவினார். ஊரே அதைத் தமாஷாகத்தான் பார்த்தது. நானும்.

அந்தக் காவலர்களின் தலைவர் ஸ்டீவ் வில்கோஸ் பிற்பாடு தனக்கே ஒரு நிகழ்ச்சி வாங்கிக்கொண்டார். ஸ்பிரிங்கர் 2018 வரை ஓடினார், 2023-ல் இறந்தார். கடைசிக் காலத்தில் ஒரு பாட்காஸ்டில், பண்பாட்டையே கெடுத்துவிட்டேன், மன்னியுங்கள் என்று பாதி விளையாட்டாகச் சொன்னார். பண்பாட்டிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம். அதற்கு வீட்டு விலாசம் கிடையாது.

#14 ஈஸ்ட்ஹாம் பொடியன்

நான் மேலே எழுதினதில் ஒன்று சேர்க்க வேணும், இல்லாட்டி அநியாயம். இறந்தவரைப் பற்றின மரண விசாரணை 2024-ல்தான் முடிஞ்சது. நிகழ்ச்சிதான் நேரடிக் காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று விசாரணை அதிகாரி சொல்லிப்போட்டார். அந்தாளுக்கு முதலே மனக் கஷ்டங்கள் இருந்தது. அப்படியான ஒருவரை ஏன் அந்த மேடையில ஏத்தினவை என்ற கேள்வி எனக்கு அப்படியே நிக்குது.

உருப்படியா நடந்தது ஒன்று சொல்லட்டோ? இங்கத்தை ஒளிபரப்பைக் கண்காணிக்கிற ஆஃப்காம் விதியை மாத்தினது. 2021 ஏப்ரலில் இருந்து, பங்கெடுக்கிறதால பெரிய பாதிப்பு வரக்கூடிய ஆக்களின்ர நலனுக்கு ஒளிபரப்பாளர் உரிய கவனம் எடுக்க வேணும். அதுவரைக்கும் விதியளில பெரும்பாலானது பார்க்கிற சனத்தைப் பற்றித்தான்: கெட்ட வார்த்தை, எத்தனை மணிக்குப் போடலாம், பிள்ளையள் பார்ப்பினமோ. உள்ளே போய் இருக்கிற வளர்ந்த ஆளின்ர நலனைப் பற்றி யோசிக்கிறதுக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கு.

பேக்ஸ்டேஜ், உங்களிட்ட ஒரு கேள்வி. பிறகு அவையளில ஆரோடையாவது கதைச்சனீங்களோ?

#15 பேக்ஸ்டேஜ்

நானாகப் பேசவில்லை. ஓர் அம்மா கூப்பிட்டார், நான் வேலையை விட்டு நான்கு வருடம் கழித்து. என் நம்பரை எப்படியோ வைத்திருந்தார். பெயரைச் சொன்னபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. நிகழ்ச்சி தலைப்பைச் சொன்னார், உடனே தெரிந்தது. அதை நினைத்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவர் மகள் இப்போது எட்டாம் வகுப்பு. யாரோ அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். "அதை எடுக்கச் சொல்ல முடியுமா தம்பி?" என்று கேட்டார். கத்தவில்லை, திட்டவில்லை. நான் சேனல் அலுவலக நம்பரைக் கொடுத்தேன். அவர் கூப்பிட்டிருக்கிறார், யாரும் போனை எடுக்கவில்லை. நேற்று இந்த இழைக்காகப் போய்ப் பார்த்தேன். அங்கேயேதான் இருக்கிறது. புதுத் தலைப்பு போட்டிருக்கிறார்கள்.

#16 கறுப்புக்கோட்டு

பேக்ஸ்டேஜ், 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி யூடியூப் மாதிரித் தளங்களுக்குக் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும், புகாருக்குக் குறிப்பிட்ட நாளுக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அந்த அம்மாவின் பெயரில் புகார் போக வேண்டும். மகள் சிறுமி, பள்ளியில் துன்புறுத்தல் நடக்கிறது என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். சேனலுக்குத் தனி நோட்டீஸ். கட்டணம் வேண்டாம். அவர் சம்மதித்தால் மட்டும், விவரங்களை இங்கே போடாமல் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். லிங்க்கும் இங்கே வேண்டாம்.

#17 மதியவெயில்

அத்தையிடம் பேக்ஸ்டேஜ் எழுதியதை போனில் படித்துக் காட்டினேன். அந்த இரண்டு அறை விஷயம் வந்ததும், "நிறுத்து, அந்த அரை மணி நேரம் கழிச்சுப் போனது யாரு, பொண்டாட்டியா புருஷனா?" என்று கேட்டார். ஏன் அத்தை என்றேன். "பின்னாடி போறவதான் பஸ் ஸ்டாண்டுல அடி வாங்குவா, அவன் காத்துக்கிட்டு நிப்பான்" என்றார்.

#18 பேக்ஸ்டேஜ்

பெண்களைத்தான் பின்னால் அனுப்புவோம். பாதுகாப்பு என்று நினைத்து.

கோட்டு சார், அந்த அம்மாவிடம் இப்போதுதான் பேசினேன். சம்மதித்தார். விவரங்கள் உங்கள் இன்பாக்ஸில். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.